அம்மாவுக்கு வந்த சூடு

மாசி 5, திங்கள்

நகைக்கடையில் கொடுத்த டைரி இது. என் மகன் சங்கரலிங்கம் டிவிக்கு மேலே போட்டுவைத்து மறந்துவிட்டான். வழுவழுத் தாள். வீணாய்ப் போகக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். எழுதத் தெரியாதவள் இல்லை இந்த ஆவுடையம்மாள். ஒரு காலத்தில் எங்கள் தெருவில் துபாய்க்குப் போன ஆம்பிளைகளுக்கு அத்தனை வீட்டுக் கடிதாசியும் என் கையால்தான் போகும்.

இன்றைக்குப் புளி உடைத்துக் கொட்டை எடுத்தேன். எழுந்திருக்கும்போது முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மாசி 8, வியாழன்

காலையில் பாத்ரூமிலிருந்து மொட்டைமாடிப் படி வரைக்கும் ஈரக்கால் தடம். மருமகள் வடிவு தலையெல்லாம் நனைந்து மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"விடியுமுன்னேயே குளிச்சியா?"

"வேர்த்துச்சு அத்தை."

"மாசிப் பனியிலயா?"

காப்பி போடப் போனாள். அவளுக்கு வயது நாற்பத்தேழு. தபாலாபீசில் கவுண்டர் வேலை. அதிர்ந்து பேசாத பிள்ளை.

இந்த ஈரக்கால் தடத்தை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். எங்கே என்று எழுத மாட்டேன். துடைத்துவிட்டேன்.

மாசி 12, திங்கள்

சட்னியில் உப்பில்லை என்று சங்கரலிங்கம் சொன்னான். வடிவு தோசைக்கரண்டியைச் சுவரில் எறிந்தாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். மூஞ்சியும் கழுத்தும் ரத்தமாய்ச் சிவந்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அவள் ஆபீசுக்குப் போனதும், தன் கடைக்குக் கிளம்பிய அவன் சிரித்துக்கொண்டே, "உன் மருமகளுக்கு என்னமோ பிடிச்சிருக்கும்மா," என்றான்.

"அந்தச் சொல்லை இந்த வீட்டுல சொல்லாத."

"எந்தச் சொல்லு?"

"பிடிச்சிருக்குங்கிறத."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கவும் வேண்டாம்.

மாசி 17, சனி

கோயில் திருநீற்றை மடித்து வடிவு தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ன அத்தை இது?"

"திருநீறு."

"அது தெரியுது. என் தலகாணிக்கு எதுக்கு? எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நெனைக்கியளா?"

"நான் படிச்சவ. பேயை நம்புதவ இல்ல."

"பொறவு?"

"கிடந்தா உன்னைக் கடிக்கவா போகுது?"

சிரித்துவிட்டாள். பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். நல்ல பிள்ளைதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மாசி 21, புதன்

வடிவு கூட வேலை பார்க்கும் பெண்ணோடு ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். கையில் மருந்துக்கடைப் பை. எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை, அசதிக்கு," என்றாள்.

காலையில் கதவிடுக்கில் பார்த்தேன். டியூப்பைப் பிதுக்கி மேல்கையில் தேய்த்து, காயும்வரை கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். வலிக்குப் போடும் களிம்பு. முட்டி வலிக்காரி ஒருத்தி இந்த வீட்டில் நடமாடுவது அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை, "அத்தை, நீங்களும் போட்டுப் பாருங்க," என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

நானாகக் கேட்க மாட்டேன். இந்த வயது வரைக்கும் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை.

மாசி 24, சனி

டியூப் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் இருந்தது. எடுத்து இரண்டு முட்டிக்கும் போட்டேன். ஜில்லென்று இருந்தது, உடனே காய்ந்தது. கற்பூர வாடை கிடையாது. உயர்ந்த சரக்கு.

பங்குனி 4, செவ்வாய்

முட்டிக்குத் தேவலை. இன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சீனியவரை நறுக்கினேன்.

பங்குனி 16, ஞாயிறு

வடிவு தேறிவிட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள். கோயம்புத்தூரில் படிக்கிற பேத்தியோடு போனில் அரை மணி நேரம் சிரித்துப் பேசினாள். சங்கரலிங்கத்துக்கும் வாயில் ருசி வந்துவிட்டது.

நானும் தேறித்தான் இருக்கிறேன். அவள் ஆபீசுக்குப் போனதும் காலையில் ஒரு விரல் நீளம், பகல் தூக்கத்துக்கு முன்னால் ஒரு விரல் நீளம். என்னவோ மார்புதான் கனக்கிறது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் பால் கட்டுமே, அது மாதிரி. வாயுவாக இருக்கும். பெருங்காயம் போட்டு மோர் குடித்தேன்.

விடியற்காலையில் கனவு. அம்மா நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. என்னைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

பங்குனி 29, சனி

இதை எழுதலாமா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஐம்பது வயதில் எனக்குத் தீட்டு நின்றது. இப்போது அறுபத்தொன்பது. இன்று காலையில் வந்திருக்கிறது.

சேலையை நானே அலசி மாடியில் மூலையில் காயப்போட்டேன்.

சித்திரை 1, திங்கள்

வருஷப் பிறப்பு. விளக்கேற்றுவது எப்போதும் நான்தான். சாமி அறைக்கு வெளியே நின்றுகொண்டு, "வடிவு, நீயே ஏத்து," என்றேன்.

"நீங்க இருக்கும்போது நானா?"

"கால் வலிக்கு."

"விளக்கேத்தக் காலா வேணும்?" என்றாள். சங்கரலிங்கம் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் வாசப்படியைத் தாண்டாமல் நிற்பதையே பார்த்தாள்.

மாங்காய் ஊறுகாய் ஜாடியையும் தொடவில்லை. இன்னும் நிற்கவில்லை.

சித்திரை 3, புதன்

அம்மா பெயர் பூரணம். இந்த வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

நான் கடைக்குட்டி. அம்மாவுக்கு நாற்பத்தேழு வயது ஆனபோது முதலில் மாதக்கணக்காய் ரத்தம் பட்டது. சாக்கை விரித்துப் படுப்பாள். பிறகு நின்றது. நின்ற பிறகு சூடு வந்தது. "உச்சியில தீயை அள்ளிக் கொட்டுதாவளே" என்று கிணற்றடிக்கு ஓடுவாள். சேலையோடு வாளி வாளியாய் ஊற்றிக்கொள்வாள். தூங்க மாட்டாள். சும்மா இருந்தாற்போல் அழுவாள். என்னைப் பெற்ற ஐயாவைக் கண்டால் கையில் கிடைத்ததை எறிவாள். வீடெல்லாம் ஈரக்கால் தடம்.

பிடித்திருக்கிறது என்றார்கள். பேயோட்டும் கோயில் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் பேர் எழுத மாட்டேன். கஞ்சி காய்ச்சக் கூட ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள்.

கோடாங்கி உடுக்கை அடிப்பான். வேப்பங்குலையால் அடிப்பான். "யார் நீ, பேரைச் சொல்லு" என்பான். அம்மா சொல்வாள், "பூரணம்." "பொய் சொல்லாத" என்று மறுபடி அடிப்பான். "பூரணந்தான்யா நான்" என்பாள். மறுபடி அடி. சொந்தப் பேரைச் சொன்னதற்கு ஒரு மனுஷி அடி வாங்கியதை நான் பார்த்தேன்.

இப்போது எனக்கு விளங்குகிறது. மாசியில் அவள் வடிவிடம் வந்தாள். வடிவுக்கு வேறு ரத்தம், ஒட்டவில்லை. அவளை விட்டுவிட்டுச் சொந்த மகளிடம் வந்திருக்கிறாள்.

சித்திரை 6, சனி

"அத்தை, பீரோவில என் டியூப்பை எடுத்தியளா? இதோட ரெண்டு தடவை. சீக்கிரமா தீந்துபோகுது."

"எந்த டியூப்பு?"

"சேலைக்குப் பின்னால இருந்தது."

"உன் பீரோவைத் திறக்கிறவன்னு என்னைச் சொல்லுதியா?"

"அப்படிச் சொல்லலை அத்தை."

"பொறவு எப்படிச் சொன்ன?"

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

பையில் இரண்டு சேலை, துண்டு, மாத்திரை எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போகப் போகிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். திரும்பி வருவேனா என்று தெரியாது. வயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது.

சித்திரை 8, திங்கள்

பையை வடிவு பார்த்துவிட்டாள். மூலையில் காய்ந்த சேலையையும் பார்த்திருக்கிறாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என் அறைக் கதவைச் சாத்தினாள்.

"எம்புட்டு நாளா?"

"வயசுக்கு வந்த புள்ளகிட்டக் கேக்க மாதிரி கேக்காத."

"அத்தை, நின்னு இத்தனை வருசம் கழிச்சு வந்தா அது நல்லதில்ல. ஒரு சொட்டுன்னாலும் காட்டணும். எங்க பெரியம்மா மறைச்சு மறைச்சுத்தான் கர்ப்பப்பையில கேன்சர் முத்திப்போய்ச் செத்தா. நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம்."

"டாக்டருக்கு இது விளங்காது. என் அம்மை வந்திருக்கா."

அவள் திகைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் ஆரோ உள்ள இருக்க மாதிரிதான் இருந்துச்சு அத்தை. கவுண்டர்ல தினமும் வார ஆளோட பேரு மறந்துபோச்சு. சட்டுனு சூடு ஏறி மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்தும், வரிசையில நிக்கவன் வேடிக்கை பாப்பான். செத்துப்போலாம்னுகூட இருந்துச்சு. உங்க பிள்ளைகிட்டச் சொன்னேன். எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானன்னு பேப்பரைப் புரட்டுனாவ. பொறவுதான் டாக்டரம்மாட்டப் போனேன். தீட்டு நிக்கப்போற வயசுல உடம்புல ஊறுத ஹார்மோன் குறையுதாம். அதனாலதான் சூடு, தூக்கமில்லாம கிடக்கது எல்லாம். குறைஞ்சத வெளியில இருந்து கொடுக்கதுக்குத்தான் அந்த டியூப்பு."

"அது முட்டி வலிக்கு இல்லையா?" என்றேன்.

வடிவு அப்படியே நிமிர்ந்தாள்.

"முட்டியிலயா போட்டிய?"

"ரெண்டு முட்டியிலயும்."

முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "சொல்லாம ஒளிச்சு வச்சேனே, என்னால வந்துச்சே," என்றாள். என் கையும் அவள் தலையில் போய் உட்கார்ந்தது. அது நான் வைத்த கை இல்லை, தானாய்ப் போனது.

சித்திரை 9, செவ்வாய்

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. எவ்வளவு போட்டேன், எத்தனை நாள் போட்டேன் என்று கேட்டாள். நான் விரல் நீளத்தைக் காட்டியதும் வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாட்டி, இந்த ஜெல் எங்க தேய்ச்சாலும் தோல் வழியா ரத்தத்துல சேந்துரும். கர்ப்பப்பையோட உள்தோலைத் தடிக்க வைக்கும். உங்க மருமகளுக்கு அது தடிக்காம இருக்க ராத்திரி ஒரு மாத்திரையும் குடுத்திருக்கேன். நீங்க மாத்திரை இல்லாம ஜெல் மட்டும் போட்டிருக்கீங்க. அது தடிச்சு உதிர்றதா இருக்கலாம். ஆனா இருக்கலாம்னு விட்டுர முடியாது. ஸ்கேன் பார்ப்போம், உள்தோல்ல கொஞ்சம் எடுத்து அனுப்புவோம்."

"அப்போ என் மருமகளுக்கும் இது ஆபத்தா?"

"மார்புக் கட்டி, ரத்த உறைவு, ஈரல் வியாதி எல்லாம் இருக்கான்னு விசாரிச்சு, பரிசோதனை பண்ணித்தான் குடுத்தேன். எல்லாருக்கும் குடுக்க மாட்டோம். புதுசா அறுபத்தொன்பது வயசுல நிச்சயமா குடுக்க மாட்டோம்."

எடுக்கும்போது வலித்தது. சத்தம் போடவில்லை. முடிவு வர நாளாகுமாம்.

கோயிலுக்குப் போக எடுத்துவைத்த பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

சித்திரை 11, வியாழன்

சங்கரலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. டியூப்பையும் மாத்திரையையும் எடுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான். "எங்கம்மையைக் கொல்லப் பாத்த மருந்து இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஊர்ல இல்லாத வியாதியா உனக்கு?"

வடிவு குற்றவாளி மாதிரி நின்றாள். குற்றவாளி மாதிரி நின்றாள். கேட்காமல் எடுத்து முட்டியில் பூசியது நான். வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டியதும் நான். சொல்லவில்லை. சொல்லப் போனால் பூரணம் வரைக்கும் சொல்ல வேண்டும்.

சித்திரை 12, வெள்ளி

எனக்கு நின்றுவிட்டது.

சித்திரை 16, செவ்வாய்

மாடிப் படியில் ஈரக்கால் தடம்.

வடிவின் கண்ணுக்கு அடியில் கருப்பு. "டாக்டரம்மாட்ட வேற டியூப்பு எழுதி வாங்கேன்," என்றேன். "வீட்டுல சண்டை வேண்டாம் அத்தை. உங்களுக்கு ரிசல்ட்டு வரட்டும். ஏதும் ஆயிருந்தா நான் எந்த மூஞ்சியோட அதைப் போடுவேன்?" என்றாள்.

தடத்தைத் துடைக்கப் போனேன். காலின் அளவு அம்மா கால் அளவு. துடைக்கவில்லை.

சித்திரை 19, வெள்ளி

முடிவு வந்தது. கேன்சர் இல்லை. தடித்தது தானாக அடங்கிவிடும், மறுபடி ஒரு ஸ்கேன் பார்த்தால் போதும், எப்போதாவது திரும்பப் பட்டால் அன்றைக்கே வரவேண்டும் என்றாள் டாக்டரம்மா.

சங்கரலிங்கம் அல்வா வாங்கி வந்தான். "நல்லவேளை, அந்தச் சனியனை அன்னைக்கே தூக்கி எறிஞ்சேன்," என்று வாயில் போட்டுக்கொண்டான். வடிவு தட்டோடு அடுப்படிக்குப் போகத் திரும்பினாள். பின்கழுத்தில் வேர்வை கோடாய் இறங்கியது.

"வடிவு, இரு. ரெண்டு பேரும் கேளுங்க," என்றேன்.

சொன்னேன். பூரணம் என்ற பெயர், கிணற்றடி, கோடாங்கி, எல்லாம் சொன்னேன். இங்கே எழுதாததையும் சொன்னேன். சொந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி அடி வாங்கியவள், கடைசியில் ஒருநாள் ஊரில் எப்போதோ தூக்குப் போட்டுச் செத்த ஒருத்தியின் பேரைச் சொன்னாள். எல்லாருக்கும் சந்தோஷம். பிடித்தது யார் என்று தெரிந்துவிட்டதே. உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஆணியடித்து, அந்த முடியை அறுத்து, "போயிட்டா, இனி நீ பூரணந்தான்" என்றார்கள். அன்றைக்கும் அவளுக்குச் சூடு வந்தது. இனி யாரிடம் சொல்வாள்? மறுநாள் விடியலில் கோயில் தெப்பக்குளத்தில் இறங்கினாள். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்குட்டி," என்றாள். பிறகு இன்னும் ஒரு படி இறங்கினாள்.

சாகப் போனாள் என்றார்கள். பேய் இழுத்துக்கொண்டது என்றார்கள். குளிரத்தான் போனாள்.

சங்கரலிங்கம் அல்வாவைக் கீழே வைத்துவிட்டான்.

"களிம்பை எடுத்தது நான். கேக்காம எடுத்தது நான். மாத்திரை இல்லாம பூசுனதும் நான். அதுக்கு அவளை ஏன் தண்டிக்க?" என்றேன். "உன் ஆச்சிக்கு அன்னைக்கு இப்படி ஒரு டியூப்பு கிடைச்சிருந்தா, உன் அம்மை அஞ்சாப்போட நிக்காம ஆறாப்புப் படிச்சிருப்பா."

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வடிவின் போன் அடித்தது.

"உன் டாக்டர் சீட்டு எங்க வச்சிருக்க? மருந்துக்கடையில நிக்கேன். சீட்டில்லாம தர மாட்டேங்கான்."

"பீரோவில இருக்கு. போட்டோ எடுத்து அனுப்புதேன்."

"மாத்திரையும் சேத்துத்தான?"

"ஆமா, சேத்துத்தான்."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் அல்வாவை எடுத்துத் தின்றேன். நெய் கொஞ்சம் கூடுதல்.

வைகாசி 12, திங்கள்

அமாவாசை. எங்கள் வழக்கத்தில் தண்ணீரில் போனவளுக்குப் படையல் கிடையாது. பெயரைச் சொல்லிக் கும்பிடவும் மாட்டார்கள். ஐயா போனார், அண்ணன்மார் போனார்கள், என்னைத் தவிர வைக்க ஆளும் இல்லை.

வைத்தேன். சுடுசோறும் பொரியலும் அவளுக்கு எதற்கு? வாழையிலையில் நுங்கு, பழையசோறு ஊறிய நீத்துப்பாகம், வெள்ளரிப் பிஞ்சு, பதநீர். "எல்லாம் குளிர்ச்சியாவே இருக்கே," என்றான் சங்கரலிங்கம். வேறொன்றும் கேட்கவில்லை. கடைக்குப் போகாமல் நின்று விழுந்து கும்பிட்டான். நான் சத்தமாகவே சொன்னேன். பூரணம்.

இலையை எடுத்துக்கொண்டு வடிவும் நானும் மாடிக்குப் போனோம். மருந்து திரும்ப ஆரம்பித்து அதிக நாளாகவில்லை, முழுசாய்ப் பிடிக்க இன்னும் சில வாரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். கைப்பிடிச்சுவரில் இலையை வைத்ததும் வடிவுக்கு வந்துவிட்டது. கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறி, நெற்றியில் முத்து முத்தாய் வேர்வை. முந்தானையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சிக்கு அப்ப எம்புட்டு வயசு அத்தை?"

"உன் வயசுதான்."

அவளுக்கு யோசனையே இல்லை. இலையிலிருந்து ஒரு நுங்கை எடுத்துக் கண்ணை மூடி உறிஞ்சினாள். பாதி தின்ற பிறகுதான் படையல் என்பது நினைவுக்கு வந்து என்னைப் பார்த்தாள். தண்ணீர் முகவாயில் வழிந்து சொட்டியது.

காக்காயைக் கூப்பிட வாயெடுத்திருந்தேன். கூப்பிடவில்லை.

"தின்னு," என்று இலையை அவள் பக்கம் நகர்த்தினேன்.